சந்தியும் சுற்றுவட்டமும்

வீதிகள் பல ஒன்றுகூடும் இடத்தைச் சந்தி என்று தமிழர் வழங்குவர். பகைவர் இருவர் பகை தீர்ந்து உடன்பாடு செய்துகொள்வதற்கும் சந்தி என்பதே பெயர். மாட்டுவண்டியும் கால்நடையாகச் செல்வோருமே வீதியில் இயங்கிய காலத்தில், சந்தி என்பது கடை வைப்பதற்கும், ஊரார் கூடிப் பேசுவதற்கும், செய்தி பரவுவதற்கும் உரிய இடமாக இருந்தது. அங்கே இருவர் எதிர்ப்பட்டால், ஒருவர் சற்றே நின்று மற்றவருக்கு வழிவிடுவர். அவ்வளவில் காரியம் முடிந்தது. மோட்டார் வண்டி பெருகிய பின்னரோ கூடும் இடமே மோதும் இடமாயிற்று. இலங்கையில் மாத்திரம் வீதி விபத்துக்களால் ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவர்களுள் பாதசாரிகளும் மோட்டார் சைக்கிளில் செல்வோரும் பெருந்தொகையினர். ஆதலின் ஒரு சந்தியை எவ்வாறு அமைப்பது என்னும் வினா பொறியியலாளருக்கு மாத்திரம் உரியதன்று. அவ்வழியே பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைக்கும், சந்தைக்குச் செல்லும் முதியவருக்கும் அது உயிர்ப் பிரச்சினையாகும்.

இரண்டு வீதிகள் குறுக்கிடும் சாதாரண நாற்சந்தியை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். நான்கு திசைகளிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. ஒவ்வொரு திசையிலிருந்து வருவனவும் நேரே செல்லலாம், இடம் திரும்பலாம், வலம் திரும்பலாம். இப்பன்னிரு பாதைகளையும் ஒரு தாளிற் கோடுகளாக வரைந்தால், அவை ஒன்றையொன்று சந்திக்கும் புள்ளிகள் முப்பத்திரண்டு எனக் காணலாம். அவற்றுள் எட்டு, பாதைகள் பிரியும் புள்ளிகள். எட்டு, பாதைகள் வந்து கலக்கும் புள்ளிகள். எஞ்சிய பதினாறும் ஒரு பாதை மற்றொன்றை ஊடறுத்துச் செல்லும் புள்ளிகள். மரணம் விளைவிக்கும் மோதல்கள் பெரும்பாலும் இப்பதினாறு இடங்களிலேயே நேருகின்றன. ஒரு வண்டியின் விலாப்புறத்தில் மற்றொரு வண்டியின் முகப்பு முழுவேகத்துடன் இடிப்பது இங்கேதான்.

இனி, அதே சந்தியின் நடுவே ஒரு வட்டத் தீவை அமைத்து, எல்லா வண்டிகளும் அதனை ஒரே திசையிற் சுற்றியே செல்லவேண்டும் என்று விதித்தால் என்ன நிகழும்? இடப்பக்கமாக வண்டி செலுத்தும் இலங்கை போன்ற நாடுகளில், மேலிருந்து பார்ப்போர்க்குக் கடிகார முள் சுற்றுவது போல் வண்டிகள் சுற்றிச் செல்லும். வலம் திரும்ப வேண்டிய வண்டியும் முதலில் இடப்புறமாகவே நுழைந்து, முக்கால் வட்டம் சுற்றித் தன் வழியைப் பிடிக்கும். அப்பொழுது ஊடறுக்கும் புள்ளிகள் பதினாறும் மறைந்துவிடுகின்றன. கலக்கும் இடங்கள் நான்கும் பிரியும் இடங்கள் நான்கும் ஆக எட்டுப் புள்ளிகளே எஞ்சுகின்றன. வண்டிகள் மோத நேர்ந்தாலும், ஒரே திசையிற் செல்வன ஒன்றையொன்று சாய்வாக உராய்வதே பெரும்பான்மை. முப்பத்திரண்டு எட்டாகக் குறையும் இவ்வெளிய கணக்கே சுற்றுவட்டத்தின் முதற் பயனாகும்.

இக்கருத்து தோன்றி நூறாண்டுக்கு மேலாகின்றது. பாரிஸ் மாநகரின் கட்டடக்கலைஞராக விளங்கிய யூஜேன் எனார் என்பார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சந்திகளில் வண்டிகள் ஒரே திசையிற் சுழன்று செல்லவேண்டும் என்று எழுதினார். பன்னிரு பெருந்தெருக்கள் வந்து கூடுவதும், நடுவே வெற்றி வளைவு நிற்பதுமாகிய எத்துவால் சதுக்கத்தில் 1907ஆம் ஆண்டில் அம்முறை நடைமுறைக்கு வந்தது. அதே காலத்தில் நியூயோர்க் நகரிற் கொலம்பஸ் வட்டத்தில் இத்தகைய ஒழுங்கை ஏற்படுத்த முயன்றவர் வில்லியம் ஈனோ என்பவர். வீதி ஒழுங்குக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட அவர், மோட்டார் வண்டி செலுத்த ஒருபோதும் கற்றுக்கொள்ளவில்லை என்பர். இங்கிலாந்தில் லெச்வர்த் என்னும் பூங்கா நகரில் 1909ஆம் ஆண்டளவில் அமைந்த வட்டமே அந்நாட்டின் முதற் சுற்றுவட்டம் எனப் போற்றப்படுகின்றது. அக்காலத்தில் ஆங்கிலேயர் இத்தகைய இடங்களைச் சேர்க்கஸ் என்னும் பெயரால் வழங்கினர். வித்தை காட்டும் கூடாரத்துக்கும் இப்பெயருக்கும் வட்டம் என்னும் இலத்தீன் பொருளே பொது. கொழும்பில் லிப்டன் சேர்க்கஸ் என்று வழங்கிய இடத்தின் பெயரும் இவ்வழக்கின் வழி வந்ததேயாகும்.

இவ்வளவு நல்ல முறை உலகமெங்கும் உடனே பரவியிருத்தல் வேண்டும் அன்றோ? அவ்வாறு நிகழவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் பெரிய பெரிய வட்டங்கள் பல கட்டப்பட்டன. ஆயினும் 1950களில் அவை பெரிதும் கைவிடப்பட்டன. வண்டித் தொகை பெருகிய வேளைகளில் வட்டம் முழுவதும் இறுகிப் பூட்டிக்கொண்டமையே அதற்குக் காரணம். இப்பூட்டு எவ்வாறு விழுந்தது என்பதை விளங்கிக்கொள்வோர், சுற்றுவட்டத்தின் உயிர்நிலை எது என்பதையும் விளங்கிக்கொள்வர்.

அக்காலத்துப் பல வட்டங்களில், உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டி, புதிதாக நுழையும் வண்டிக்கு வழிவிட வேண்டியிருந்தது. அல்லது எவர் எவருக்கு வழிவிடுவது என்ற விதியே இல்லாதிருந்தது. வண்டிகள் சிலவாயிருக்கும்போது இதனால் தீங்கு தோன்றாது. வண்டிகள் பலவானதும், நுழைவோர்க்கு வழிவிடும் பொருட்டு உள்ளிருப்போர் நிற்பர். அவர்களுக்குப் பின்னால் வருவோரும் நிற்பர். அவ்வரிசை பின்னோக்கி நீண்டு, முந்திய வெளிவழியை அடைத்துவிடும். அவ்வழியே வெளியேறி வட்டத்தை விட்டு நீங்கவேண்டிய வண்டி, நீங்க இடமின்றி உள்ளேயே நிற்கும். அதனால் அதற்குப் பின்னுள்ள வழியும் அடைபடும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டு, வட்டம் தன் வாலைத் தானே கௌவிய பாம்பு போலாகிவிடும். வெளியே செல்ல வேண்டியவர்கள் உள்ளே இருப்பதனால் உள்ளே வரவேண்டியவர்கள் வெளியே நிற்பர். உள்ளே வருபவர்கள் நெருக்குவதனால் வெளியே செல்ல வேண்டியவர்கள் உள்ளே சிக்குவர்.

இதற்குப் பொறியியலாளர் முதலிற் கண்ட மருந்து வட்டத்தை மேலும் பெரிதாக்குவதே. நுழையும் வண்டிகளும் நீங்கும் வண்டிகளும் ஒன்றோடொன்று பின்னிச் செல்வதற்கு நீண்ட இடம் வேண்டும் என அவர்கள் கருதினர். பிரித்தானிய வீதி ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த வார்ட்றொப் என்பார், அப்பின்னற் பகுதியின் நீளத்தையும் அகலத்தையும் கொண்டு வட்டத்தின் கொள்ளளவைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை 1957ஆம் ஆண்டில் வகுத்தார். கணக்கு நல்ல கணக்கே. ஆயினும் பெரிய வட்டம் பெரு நிலத்தை விழுங்கியது. மேலும், வளைவு பெரிதாகப் பெரிதாக வண்டிகளின் வேகமும் கூடிற்று. வேகம் கூடக் கூட ஒரு வண்டி மற்றொன்றோடு இசைந்து கலப்பது அரிதாயிற்று.

உண்மையான மருந்து கல்லிலும் தாரிலும் இருக்கவில்லை. ஒரு சிறு விதியில் இருந்தது. பிரித்தானியாவில் 1966ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சுற்றுவட்டத்தில் நுழைவோர் தம் வலப்பக்கத்திலிருந்து வருவோருக்கு வழிவிடல் வேண்டும் என்னும் விதி நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. வலப்பக்கத்திலிருந்து வருவோர் எனின், வட்டத்தினுள் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருப்போர் என்பதே பொருள். முன்னர் உள்ளிருப்போர் நின்றனர். இப்பொழுது வெளியிலிருப்போர் நிற்பர். இம்மாற்றம் ஒன்றினாலேயே பூட்டு விழும் காரணம் அற்றுப்போயிற்று. உள்ளே புகுந்தவர் தடையின்றி வெளியேறலாம். வட்டத்தினுள் இடம் உண்டானால் மாத்திரமே புதியவர் புகலாம். காத்திருக்கும் வரிசை எவ்வளவு நீண்டாலும் அது வீதியில் நீளுமேயன்றி வட்டத்தை அடைக்காது. நிறைந்த பாத்திரத்தில் மேலும் நீரை ஊற்றாது நிறுத்தும் ஒழுங்கு போன்றது இது.

அவ்விதியின் விளைவாக மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. நுழைவோர் தக்க இடைவெளிக்காகக் காத்து நிற்பராயின், நீண்ட பின்னற் பகுதி எதற்கு? வட்டம் சிறியதாயிருந்தாற் போதுமே! இதனைத் துணிந்து சோதித்தவர் பிராங்க் பிளக்மோர் என்னும் பொறியியலாளர். பழைய சந்திகளில் நிலம் சிறிதும் எடுக்காமல், நடுவே சிறு வட்டம் ஒன்றை மாத்திரம் அமைத்து அவர் பரிசோதனைகள் நடத்தினார். அவற்றிலிருந்து பிறந்ததே சிற்றுச்சுற்றுவட்டம். பிரித்தானியாவில் அதன் நடுவட்டம் ஒரு மீற்றர் முதல் நான்கு மீற்றர் வரை விட்டமுடைய வெண்ணிறப் பூச்சாகவோ, சிறிதே மேடான குமிழாகவோ இருக்கும். நீண்ட லொறிகள் வேறு வழியின்றி அதன்மீது ஏறிச் செல்லவும் இடமுண்டு. சுவிண்டன் நகரில் 1972ஆம் ஆண்டில் இவ்வகை வட்டங்கள் ஐந்தினை ஒரு பெரிய தீவைச் சூழ அமைத்தனர். அங்கே வெளிச்சுற்றில் வண்டிகள் கடிகார முள்ளின் திசையிலும், உட்சுற்றில் அதற்கு எதிர்த்திசையிலும் செல்லும். தொடக்கத்தில் ஐந்து வட்டங்களிலும் பொலிசார் நிறுத்தப்பட்டனர். இவ்விசித்திர அமைப்பு மக்கள் வாயில் மாய வட்டம் எனப் பெயர் பெற்று, அப்பெயராலேயே இன்றும் இயங்குகின்றது.

உள்ளிருப்போருக்கு முதலுரிமை என்னும் விதியைப் பிரான்சு நாடு 1984ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதன்பின் அந்நாட்டில் எழுந்த வட்டங்கள் பல்லாயிரம். ஆயினும் அத்துறையின் தொட்டிலாகிய எத்துவால் சதுக்கத்தில், நுழைவோருக்கே முதலுரிமை என்னும் பழைய வழக்கம் இன்னும் நிலவுகின்றது. வண்டிகள் அங்கே வட்டத்தின் நடுவில் நின்று தவிக்கும் காட்சியைப் பயணிகள் வேடிக்கையாகப் பார்ப்பதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் புதிய முறை வட்டம் 1990ஆம் ஆண்டில் நெவாடா மாநிலத்திற் கால்கொண்டது. பின்னர் இந்தியானா மாநிலத்துக் கார்மல் என்னும் சிறு நகரம், சமிக்ஞை விளக்குகளை ஒவ்வொன்றாக அகற்றி நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வட்டங்களை அமைத்துள்ளது. அந்நாட்டில் வட்டங்களாக மாற்றப்பட்ட சந்திகளை ஆராய்ந்தபோது, விபத்துக்கள் மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பது வீதமளவிலும், காயம் விளைக்கும் விபத்துக்கள் நான்கில் மூன்று பங்களவிலும், உயிரிழப்பையோ பெருங்காயத்தையோ விளைப்பன நூற்றுக்குத் தொண்ணூறு வீதமளவிலும் குறைந்தமை புலனாயிற்று.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. விபத்துக்களின் தொகையைக் காட்டிலும் அவற்றின் கொடுமையே பெரிதும் குறைந்திருக்கின்றது. அதற்குக் காரணம் வேகம். ஓடும் பொருளின் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டியை 30 கிலோமீற்றருக்குக் குறைத்தால், அதன் இயக்கசக்தி பாதியாகக் குறைவதன்று, காற்பங்காகக் குறைகின்றது. இடிபடுவோரின் எலும்பும் சதையும் தாங்கவேண்டிய சுமை அவ்வளவு குறைகின்றது. வேகத்தைக் குறைக்குமாறு பலகையில் எழுதிவைத்தால் அதனைப் பார்ப்பவர் பார்ப்பர், பாராதவர் பாரார். சுற்றுவட்டமோ வீதியின் வடிவத்தாலேயே வேகத்தைக் குறைக்கச் செய்கின்றது. அதுவே அதன் இரண்டாவது பயன்.

ஆகவே ஒரு வட்டத்தை வரையத் தொடங்கும் பொறியியலாளர் முதலிற் கேட்கவேண்டிய வினா, வண்டி எவ்வளவு விரைவாக இதனூடு செல்லக்கூடும் என்பதேயாகும். வீதி நேரே வந்து, நடுத்தீவை ஓரமாகத் தொட்டும் தொடாமலும் நேரே சென்றுவிடுமானால், சாரதி வேகத்தைக் குறைக்கமாட்டார். அவ்வாறன்றி, நுழையும் இடத்தில் வீதி இடப்புறமாக வளைந்து, பின் தீவைச் சுற்றி வலப்புறமாக வளைந்து, வெளியேறும்போது மீண்டும் இடப்புறமாக வளைதல் வேண்டும். இவ்வளைவுகளுக்குத் தக்க ஆரையைத் தெரிந்தெடுத்தால், ஒரு வழித்தட வட்டத்தில் நுழைவு வேகம் மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டாது. பூஞ்செடிகள் நிறைந்த அழகிய வட்டமாயினும், இவ்வளைவு இல்லையேல் அதனை அலங்காரம் எனலாமேயன்றிச் சுற்றுவட்டம் எனலாகாது.

அடுத்தது அளவு. ஒரு வழித்தட வட்டத்தின் வெளிவிளிம்பு விட்டம் பெரும்பாலும் 27 மீற்றருக்கும் 55 மீற்றருக்கும் இடைப்பட்டிருக்கும். இரு வழித்தடங்களாயின் அதனினும் கூடும். இவ்வளவில் எதனைத் தெரிவது என்பதை, அவ்வழியே செல்லும் வண்டிகளுள் மிக நீண்டதே தீர்மானிக்கும். நீண்ட லொறி வளையும்போது அதன் பின்சில்லுகள் முன்சில்லுகளின் தடத்தைப் பின்பற்றாது உட்புறமாக இழுபடும். அதன் பொருட்டு வீதியை அகலமாக்கினால், சிறிய கார்கள் அவ்வகலத்தைப் பயன்படுத்தி விரையும். இவ்விரு தேவைகளையும் இசைவிக்கும் உபாயம், நடுத்தீவைச் சூழச் சிறிது உயர்ந்த கல் விளிம்பு ஒன்றை அமைப்பதாகும். லொறியின் பின்சில்லு அதன்மீது ஏறிச் செல்லலாம். காரிற் செல்வோரோ அதன் அதிர்ச்சிக்கு அஞ்சி விலகுவர். பாதையின் தளமும் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சரிந்திருத்தல் நன்று. மழைநீர் தீவின் அருகே தேங்காமல் வெளிவிளிம்புக்கு ஓடும். அச்சரிவே வேகத்தையும் ஓரளவு அடக்கும். நடுத்தீவின் மையத்தைச் சற்று மேடாக்குவதும் பயனுடையது. அப்பொழுது தூரத்தே வரும் சாரதிக்கு வீதி நேரே செல்லவில்லை என்பது இரவிலும் புலப்படும்.

நடுத்தீவில் மணிக்கூட்டுக் கோபுரமும் சிலையும் நிறுவுவது கீழைத்தேயங்களில் மாத்திரமன்றி மேலைத்தேயங்களிலும் காணப்படும் வழக்கம். கண்ணுக்கு இனிய அடையாளம் ஒன்று ஊருக்கு வேண்டியதே. எனினும் மக்களை அத்தீவுக்கு அழைக்கும் எதனையும் அங்கே வைத்தலாகாது. இருக்கையும் குடிநீர்க் குழாயும் அங்கே வைத்தால், சுழன்று வரும் வண்டிகளை ஊடறுத்து மக்கள் அவ்விடம் செல்வர். சுற்றுவட்டத்தின் நடு, பார்ப்பதற்கு உரியதன்றி மிதிப்பதற்கு உரியதன்று.

வடிவத்தை வரையுமுன் எண்ணிக்கை எடுத்தல் வேண்டும். எத்திசையிலிருந்து எத்தனை வண்டிகள் எத்திசைக்குச் செல்கின்றன என்பதைக் காலையிலும் மாலையிலும் நெருக்கடியான மணிநேரங்களில் எண்ணிக் குறித்தல் வேண்டும். சந்தை கூடும் நாளையும் கோயில் திருவிழா நாளையும் மறத்தலாகாது. ஒரு பஸ்வண்டியை ஒரு காருக்குச் சமமாகக் கொள்ளாது, அது பிடிக்கும் இடத்துக்கேற்பக் கூடுதலாகக் கணித்தல் மரபு. வட்டத்தின் கொள்ளளவைப் பாமரரும் அறியக்கூடிய எளிய கணக்கொன்று உண்டு. நுழைவாயிலில் நிற்கும் சாரதிக்கு, உள்ளே சுற்றும் இரு வண்டிகளுக்கிடையே ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து வினாடி இடைவெளி தேவை. உள்ளே மணிக்கு 600 வண்டிகள் சுற்றினால், சராசரியாக ஆறு வினாடிக்கு ஒரு வண்டி அவர் முன்னே செல்லும். போதிய இடைவெளிகள் அடிக்கடி கிடைக்கும். அவ்வெண்ணிக்கை 1,200 ஆனால், மூன்று வினாடிக்கு ஒரு வண்டி. தக்க இடைவெளி அரிதாகிவிடும். இதனாலேயே இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1976ஆம் ஆண்டில் வகுத்த வழிகாட்டி, எல்லாத் திசைகளிலிருந்தும் மணிக்கு ஏறத்தாழ 3,000 வண்டிகளுக்கு மேல் வரும் சந்திக்கு வட்டம் பொருந்தாது எனக் கருதிற்று.

வண்டிகளின் மொத்தத் தொகையோடு அவை வரும் சமநிலையும் முக்கியமானது. கிழக்கிலிருந்து மேற்குக்கு ஓயாத வெள்ளம்போல் வண்டிகள் செல்லும் சந்தி ஒன்றில், தெற்கிலிருந்து வரும் சிறுவீதியினருக்கு வலப்பக்கம் ஒருபோதும் ஓயாது. விதியைப் பேணும் சாரதி நின்றுகொண்டே இருப்பார். பொறுமையிழந்தவர் துணிந்து பாய்வார். விபத்து அங்கே காத்திருக்கும். இத்தகைய இடங்களில் ஆஸ்திரேலியர் ஒரு வழியைக் கையாள்கின்றனர். பெருவீதியின் நுழைவாயிலிற் சமிக்ஞை விளக்கு ஒன்றை வைத்து, சிறுவீதியில் வரிசை நீண்டபோது மாத்திரம் அதனை எரியவிட்டு, வெள்ளத்தைச் சிறிதுநேரம் நிறுத்துகின்றனர். நெதர்லாந்தில் 1996ஆம் ஆண்டில் போர்டெய்ன் என்னும் பொறியியலாளர் வகுத்த சுருள் வட்டத்திலோ, வழித்தடங்கள் உயர்ந்த விளிம்புகளால் பிரிக்கப்பட்டுள்ளன. தாம் செல்லவேண்டிய திசைக்குரிய தடத்தைச் சாரதி நுழையுமுன்னரே தெரிந்துகொள்கின்றார். உள்ளே தடம் மாறி இடருறுவதற்கு இடமில்லை.

வண்டிகளின் நலனைப் பேசிவிட்டு, கால்நடையாகச் செல்வோரை மறந்துவிடுவது எளிது. பல சுற்றுவட்டங்களின் குறைபாடு அதுவே. பாதசாரிக் கடவையை வட்டத்தின் வாயிலிலேயே வரைந்துவிட்டால், சாரதியின் கண் வலப்பக்கத்து வண்டியை நோக்கியிருக்கும் அதே கணத்தில் பாதசாரி அவர் முன்னே இறங்குவார். கடவையை வாயிலிலிருந்து ஒரு காரின் நீளமாகிய ஆறு அல்லது ஏழு மீற்றர் பின்னே அமைத்தால், சாரதி முதலிற் பாதசாரியைக் கவனித்து வழிவிட்டு, பின்னர் முன்னே சென்று வட்டத்தைக் கவனிக்கலாம். இரு பணிகளும் இரு கணங்களாகப் பிரிந்துவிடுகின்றன. வீதியின் நடுவே, வருவனவற்றையும் போவனவற்றையும் பிரிக்கும் முக்கோணத் தீவு ஒன்றும் அவசியம். நடந்து செல்வோர் அதிற் சற்று நின்று, ஒரு நேரத்தில் ஒரு திசையை மாத்திரம் பார்த்துக் கடக்கலாம். கால் விரைந்து நடக்கவியலாத முதியோருக்கு அச்சிறு தீவு பேருதவியாகும்.

கண்பார்வையற்றோரின் நிலை இன்னும் கடினமானது. சமிக்ஞை விளக்குள்ள சந்தியில் வண்டிகள் நிற்கும்போது ஓசை அடங்கும். அவ்வடக்கத்தைக் கேட்டு அவர்கள் கடப்பர். சுற்றுவட்டத்திலோ ஓசை ஓயாது. வெளியேறி வரும் வண்டியின் ஒலியும் சுற்றிச்செல்லும் வண்டியின் ஒலியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆதலின் பல வழித்தட வட்டங்களில், கடவையை வீதித் தளத்திலிருந்து உயர்த்துதல், அழுத்தியதும் எரியும் சமிக்ஞை விளக்கு வைத்தல் ஆகியன அவர்தம் உரிமையைக் காக்கும் வழிகளாகும். துவிச்சக்கரவண்டியிற் செல்வோரும், காரிற் செல்வோர் பெறும் பாதுகாப்பை வட்டத்திற் பெறுவதில்லை என்பது பிரித்தானிய ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. வட்டத்தின் ஓரத்திற் செல்லும் மெல்லிய வண்டியைச் சாரதி காணத் தவறுவதே காரணம். நெதர்லாந்தினர் அவர்களுக்கென வட்டத்துக்குப் புறத்தே தனிப்பாதை அமைக்கின்றனர். துவிச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் நிறைந்த நாடுகளில், இக்குறிப்பை வரைபடத்தின் அடியில் எழுதாமல் அதன் தலைப்பிலேயே எழுதிவைத்தல் தகும்.

இன்னும் சில சிறு காரியங்கள் உண்டு. பஸ் தரிப்பிடத்தை வட்டத்தினுள்ளோ நுழைவாயிலிலோ வைத்தலாகாது. வெளிவழியைக் கடந்து, வீதியோரத்தில் ஒதுங்கிய இடத்தில் வைத்தல் வேண்டும். நுழைவாயிலின் அருகே வண்டிகளை நிறுத்துவதும், விளம்பரப் பலகைகளால் பார்வையை மறைப்பதும் பெருங்கேடு. இரவு வெளிச்சம் குறைவாயிருந்தால் பகலில் நன்றாயிருந்த வட்டமும் இரவிற் பொறியாகும். இவையெல்லாம் சிறு செலவினவே. எனினும் பெருஞ்செலவிற் கட்டிய வட்டம் இச்சிறு செலவுகளை மறந்ததனாற் பழிக்கப்பட்டதுண்டு.

சமிக்ஞை விளக்கோடு ஒப்பிடும்போது வட்டத்துக்குரிய நன்மை தீமைகளையும் நடுநிலையோடு நோக்குதல் தகும். மின்சாரம் தடைப்படும்போது விளக்கு அணைந்துவிடும்; வட்டம் தன் பணியை விடாது. நள்ளிரவில் எவருமில்லாத சந்தியிற் சிவப்பு விளக்கின் முன் நிற்பது போல் வட்டத்தின் முன் நிற்கவேண்டியதில்லை. அணுகும் வீதிகளை அகலமாக்கும் தேவையும் பெரும்பாலும் குறையும். ஆனால் சந்தியின் மூலைகளில் நிலம் மிகுதியாக வேண்டும். பழைய ஊர்களில் மூலை நிலம் என்பது ஒருவரின் கடை, ஒரு கிணறு, ஒரு சிறு கோயில். அவற்றை எடுக்குமுன் சிற்றுச்சுற்றுவட்டம் போதாதா என்று ஆராய்வது பொறியியலாளரின் கடமை. நீண்ட வீதியொன்றில் அடுத்தடுத்துள்ள விளக்குகளை ஒன்றோடொன்று இசைய இயக்கி வண்டிகளை அணியணியாகச் செலுத்தும் இடங்களிலும், மிகக் கூடுதலான வண்டிகள் வரும் மாநகர நடுவிலும், விளக்கே தக்கதாதல் கூடும். எந்நோய்க்கும் ஒரே மருந்து என்பார் நல்ல வைத்தியராகார்.

இவை அனைத்திற்கும் மேலாக, சுற்றுவட்டம் என்பது மனிதரின் பண்பை நம்பி அமைந்த கருவி. சமிக்ஞை விளக்கு சாரதிக்குக் கட்டளையிடுகின்றது. பொலிசாரின் கை அவரைத் தடுக்கின்றது. வட்டத்திலோ கட்டளையிடுவாரும் தடுப்பாரும் இலர். வலப்பக்கம் நோக்கி, வருபவர் போகும்வரை தானாகவே நிற்றல் வேண்டும். விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்பது தமிழர் பழமொழி. 1966ஆம் ஆண்டின் விதி அப்பழமொழியை வீதிக்கு உரிய சட்டமாக்கியது எனலாம். ஒருவர் இரண்டு வினாடி நிற்பதனால் நூறு பேர் தடையின்றிச் செல்கின்றனர். அவ்விரண்டு வினாடியை மறுத்து ஒருவர் பாய்ந்தால், வட்டம் இறுகி நூறு பேர் நிற்கின்றனர். எவ்வளவு நுட்பமாகப் பொறியியலாளர் வரைந்தாலும், இறுதிக் கோட்டை வரைபவர் சாரதியே.

ஆதலின் சந்தியைச் செம்மை செய்யும் பணி மூவருக்கு உரியது. வண்டிகளை எண்ணி, வளைவை வகுத்து, கடவையைத் தக்க இடத்தில் அமைப்பது பொறியியலாளர் கடன். வெளிச்சமும் துப்புரவும் குறையாது பேணி, வாயிலை ஆக்கிரமிப்பின்றிக் காப்பது நகர ஆட்சியினர் கடன். வேகத்தைத் தணித்து, வலப்பக்கம் நோக்கி, கால்நடையாகச் செல்வோருக்கு முதலில் வழிவிடுவது சாரதியர் கடன். இம்மூன்றும் பொருந்திய இடத்தில், வண்டிகள் பெருகிய இக்காலத்திலும், வீதிகளின் சந்தி இருவர் பகை தீர்ந்து உடன்படும் சந்தியாக விளங்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையும் அதனை அச்சமின்றிக் கடந்து வீடு சேரும்.